சோகேஸில் இருக்கும் பொம்மையும் பிள்ளையின் கைக்கெட்டும் இறாக்கையும்

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் பல வீடுகளில் வாங்க நினைக்கும் சாமான் கண்ணாடி சோகேஸ். அதற்குள் கல்யாணப் படம், பீங்கான் கோப்பை, நடுவில் பிள்ளைக்கென்று வாங்கிய பொம்மை. அதுவும் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல். "எடுத்தா ஒடைச்சிடுவான் சார்" என்று தாய்மார் சொல்கிறார்கள். பேர் போட்டு உழைத்த காசு. அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் பிள்ளை இஸ்தோப்பில் உட்கார்ந்து துருப்பிடித்த ஆணியையும் பழைய பெட்டரியையும் வைத்து விளையாடுகிறது.

இத்தாலி நாட்டு வைத்தியர் மரியா மொண்டிசோரி அம்மையார் 1907 ஜனவரி 6ஆம் திகதி ரோம் நகரில், சான் லொரன்ஸோ என்ற ஏழைகள் பகுதியில், முதல் "பிள்ளைகள் வீடு" திறந்தார். அது பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்காக அல்ல. தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் தொழிலாளர் குடியிருப்பில் தனியே சுற்றித் திரிந்த பிள்ளைகளுக்காக. நம் லயத்து நிலைமைக்கு இது தூரமானதா? ஆரம்பத்தில் அங்கும் விளையாட்டுச் சாமான்களை அலுமாரியில் பூட்டித்தான் வைத்தார்கள். ஒருநாள் டீச்சர் பூட்ட மறந்து போனார். அவர் வந்து பார்த்தபோது பிள்ளைகள் தாங்களே சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அதைத் திருட்டு என்றார். அம்மையாரோ, தனக்கு எது வேண்டும் என்று தெரிந்தே பிள்ளை எடுக்கிறது என்று புரிந்துகொண்டார். அதன்பிறகுதான் பூட்டிய அலுமாரிக்குப் பதில், பிள்ளையின் கைக்கு எட்டும் பதிந்த அலுமாரிகள் வந்தன. அம்மையார் 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்.

ஆகவே சோகேஸ் வாங்குவதானால் வாங்குங்கள், அது உங்கள் விருப்பம். பிள்ளைக்கு வேண்டியது வேறு. மூடி இல்லாத, கதவு இல்லாத, இரண்டு தட்டுள்ள சின்ன இறாக்கை ஒன்று போதும். உயரம் 2 அடி, நீளம் 3 அடி, அகலம் 1 அடி. 10க்கு 12 அடிக் காம்பராவிலும் இதற்கு இடம் கிடைக்கும். அகலத்தைக் குறைக்கச் சொல்லி ஆசாரி கேட்டால் விடாதீர்கள். ஒடுங்கிய இறாக்கையில் பிள்ளை பிடித்து ஏறினால் முன்பக்கம் சாயும். பழைய லயத்துக் கல்லுச்சுவரில் ஆணி நிற்பது கஷ்டம். முடிந்தால் கதவு நிலையோடு சேர்த்து இரும்புத் தகடு போட்டு இறுக்குங்கள். அடியில் 2 அங்குலக் கால், சுவரிலிருந்து 1 அங்குல இடைவெளி வைத்தால் மழைக் காலத்தில் பூஞ்சணம் பிடிப்பது குறையும்.

பலகை விஷயத்தில்தான் கவனம் வேண்டும். சவுக்கு, பைனஸ், அல்பீசியா எதுவும் ஆகும். ஆனால் பச்சைப் பலகை வேண்டாம். தூக்கிப் பார்த்தால் பாரமாகவும் ஈரவாடையாகவும் இருக்கும். ஒரு வெயில் அடித்ததும் முறுக்கிக்கொள்ளும். அல்பீசியா மலிவு, ஆனால் மெதுவான மரம். ஊசித்துளையும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் பூச்சி குடியிருக்கிறது என்று அர்த்தம். கப்பலில் வந்த பொதிப் பலகை வாங்கினால் முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' என்றால் சூட்டில் பதப்படுத்தியது, பாதகமில்லை. 'எம்.பி.' என்றால் நச்சுப்புகை போட்டது, வேண்டாம். மூலைகளை மணல் கடதாசியால் தேய்த்து உருட்டையாக்கச் சொல்லுங்கள். பெயின்ட் அடிக்காவிட்டாலும் ஒன்றுமில்லை. வீட்டில் கிடக்கும் பழைய டின்னை மட்டும் எடுக்காதீர்கள். பெயின்ட்டில் சேரும் ஈயத்துக்கு நம் நாட்டில் வரம்பு வந்தது 2013இல்தான். ஈயம் பிள்ளையின் மூளையைக் கெடுக்கும்.

ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த புல்லு மருந்துப் பெட்டி, மருந்துக் கேன், உரச் சாக்கு ஆகியவற்றில் விளையாட்டுச் சாமான் போடவே கூடாது. "நல்லா கழுவிட்டோம்" என்பார்கள். கழுவினாலும் மருந்து முழுதாகப் போகாது, பிள்ளையோ எதையும் வாயில் வைக்கும். பாரமான மூடியுள்ள பெட்டகமும் வேண்டாம். மூடி கழுத்திலோ விரலிலோ விழும். ஒளிந்து விளையாட உள்ளே இறங்கும் பிள்ளைக்கு மூச்சு முட்டும். முன்பு தேயிலை ஏற்றிய ஒட்டுப்பலகைப் பெட்டி சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதைப் பிரித்துத் தட்டு அடிக்கலாம், ஓரத்துத் தகரத்தையும் ஆணியையும் முழுக்கக் கழற்றிய பிறகு.

இறாக்கையை அடுப்புக்கும் மண்ணெண்ணெய்ப் போத்தலுக்கும் தூரமாக, வாசல் வெளிச்சம் விழும் பக்கம் வையுங்கள். ஒரு தட்டில் மூன்று நான்கு சாமான், மொத்தம் ஏழெட்டு. எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டினால் பிள்ளையும் கொட்டிவிட்டுப் போகும். வாங்கியதுதான் வைக்க வேண்டும் என்றில்லை. தேய்த்து வழுவழுப்பாக்கிய சிரட்டை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று போகும் யோகட் கப், தண்ணீர் ஊற்றிப் பழக சின்னக் கேத்தல், நிறம் பிரிக்கத் துணித்துண்டு, ஒரு படப்புத்தகம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் ஒன்றரை அங்குலத்துக்குச் சிறிய எதுவும் வேண்டாம். பொத்தான், தேயிலைக் கொட்டை, கடலை எல்லாம் தொண்டையில் அடைக்கும்.

கூடவே 3 அடிப் பாய்த்துண்டு ஒன்று. அதை விரித்தால் அதுதான் பிள்ளையின் இடம். ஒரு சாமானை எடுத்து, பாயில் விளையாடி, திரும்ப அதே இடத்தில் வைத்தபின் அடுத்தது. சின்னப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே தட்டில் அந்தந்தச் சாமானின் அடியைக் கரியால் வரைந்து விடுங்கள், பார்த்ததும் புரியும். முதல் வாரம் கூட உட்கார்ந்து காட்ட வேண்டும். மலைக்குப் போகும் தாய்க்கு நேரமில்லையென்றால் பாட்டியோ அக்காவோ காட்டலாம். ஆனால் பிள்ளைக்காக அவர்களே அடுக்கி வைத்துவிடக் கூடாது. பிள்ளைக்காம்பராவில் இப்படிச் செய்யப் பழகிய பிள்ளை வீட்டிலும் செய்யும், டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள்.

மீதிச் சாமானைத் துணிப்பையில் கட்டி மேலே வைத்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றும் ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயப் போடலாம். உடைந்ததை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். சோகேஸில் இருக்கும் பொம்மையையும் உறையைக் கழற்றி முதல் தட்டில் வையுங்கள்.