வெட்டெழுத்தும் புள்ளியும்

தமிழெழுத்து கல்லிற் பொறிக்கப்பட்டது, ஓலையிற் கீறப்பட்டது, ஈயத்தில் வார்க்கப்பட்டது. இற்றை நாளில் அது மெல்லிய வினைல் தாளிற் கத்தியால் அறுக்கவும்படுகின்றது. கடைத்தெருவின் பெயர்ப்பலகை, பேருந்தின் பக்கம், மருத்துவமனையின் கண்ணாடிக் கதவு என்னும் இவற்றில் ஒட்டிய எழுத்துக்களிற் பல இவ்வாறு ஆக்கப்பட்டனவே. இவ்வெழுத்துக்களை நூற்றுக்கணக்காக ஆக்குமிடத்துக் கொள்ளத்தக்க முறை யாது என்பதும், அம்முறையில் தமிழெழுத்துக்கே சிறப்பாக நேரும் இடர் யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

1. தாளும் கருவியும்

வினைல் என்பது பாலிவினைல் குளோரைடு என்னும் செயற்கைப் பொருளால் ஆகிய படலம். அதன் பின்புறத்தே பசையும், அப்பசையைக் காக்கும் வழுவழுப்பான அடித்தாளும் உள. படலம் இருவகைத்து. உருளைகளின் இடையே அழுத்தி நீட்டப்பட்டது ஒன்று. குழம்பாக ஊற்றி உலர்த்தப்பட்டது மற்றொன்று. முன்னது ஏறத்தாழ 75 மைக்ரானும் பின்னது ஏறத்தாழ 50 மைக்ரானும் கனமுடையன. முன்னது இழுத்து நீட்டப்பட்டதாகலின் நாட்செல்லச் சுருங்கும், விலை குறைவு. பின்னது சுருங்குதல் மிகச் சிறிது, விலை மிகுதி. தட்டையான பலகைக்கு முன்னது சாலும். வளைவுடைய வண்டிகளுக்குப் பின்னதே தகும்.

நம் ஊர்களில் இத்தொழில் செய்யுமிடத்தை ரேடியம் கடை என்று வழங்குவர். ஒளியை மீள வீசும் ஒருவகை ஒட்டுத்தாளை மக்கள் ரேடியம் என்றழைத்தமையால் வந்த பெயர் அது. ரேடியம் என்னும் உலோகத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

அறுக்கும் கருவிக்குக் கட்டிங் பிளாட்டர் என்று பெயர். 1980-களில் அமெரிக்க நாட்டுக் கனெக்டிகட் மாநிலத்துக் கெர்பர் நிறுவனம் போன்றவை, கணினியால் இயங்கும் இத்தகைய கருவிகளைப் பலகைத் தொழிலுக்கென்று கொண்டுவந்தன. அதன்பின் தூரிகை பிடித்தெழுதிய கைகளின் வேலையிற் பெரும்பகுதி கத்தியின் வேலையாயிற்று. உருளைகள் தாளை முன்னும் பின்னும் ஓட்டக் கத்தி இடமும் வலமுமாகச் செல்லும். கத்தியின் கூர்முனை தன் அச்சின் நடுவில் இராது, சுமார் கால் மில்லிமீட்டர் விலகியிருக்கும். ஆதலின் வடத்தின் பின்னே தேர் திரும்புதல்போல அச்சின் பின்னே இழுபட்டுத் திரும்பும். படலத்தையும் பசையையும் அறுத்து, அடித்தாளை அறாது விடுதலே செவ்விய வெட்டு. இதனை அறியச் சிறு வட்டமும் சதுரமும் முன்னர் வெட்டிப் பார்ப்பர். அடித்தாளின்மேல் மெல்லிய கீற்று மட்டும் தோன்றின் அழுத்தம் அளவானது; அடித்தாள் கிழியின் மிகையானது.

2. செயன்முறை

வெட்டு முடிந்தபின் எழுத்தல்லாத பகுதியை உரித்தெடுத்தல் வேண்டும். ஆங்கிலத் தொழிலாளர் இதற்குக் களைபறித்தல் என்னும் உழவர் சொல்லையே வழங்குகின்றனர். அப்பெயர் மிகப் பொருத்தமுடையது. பயிரையும் களையையும் பிரித்தறியாதவன் கையில் இரண்டும் போகும். களைந்தபின் எழுத்துக்களின்மேல் ஒட்டுமாற்றுத் தாள் ஒன்றைப் பதித்துத் தேய்ப்பர். அத்தாள் எழுத்துக்களை வரிசை குலையாமல் அடித்தாளினின்று எடுத்துப் பலகையின்மேற் சேர்ப்பிக்கும். பலகையில் அழுத்தித் தேய்த்தபின் ஒட்டுமாற்றுத் தாளை நீக்கினால் எழுத்து நிற்கும்.

3. மிகுதியான வேலை

ஓர் ஊரில் 300 தெருக்களுக்குப் பெயர்ப்பலகை வேண்டும் எனக் கொள்வோம். எழுத்தின் உயரம் 5 சென்டிமீட்டர். ஒரு பெயரின் நீளம் 40 சென்டிமீட்டர். ஒரு வரிக்கு இடைவெளியோடு 7 சென்டிமீட்டர் கொண்டால், 61 சென்டிமீட்டர் அகலமுள்ள தாளில் 8 பெயர்கள் அடங்கும். ஆகவே 38 பகுதிகள் வேண்டும்; பகுதிக்கு 42 சென்டிமீட்டராக ஏறத்தாழ 16 மீட்டர்த் தாள் செலவாகும். கருவிக்கு இது சில மணி நேரத்து வேலையே. ஆனால் பெயருக்கு 3 புள்ளியும், எழுத்துக்களின் சுழிக்குள்ளும் கட்டத்துக்குள்ளும் அடைபட்ட வெளி 6-உம் எனக் கொண்டால், நீக்கற்பாலன 1800, நிற்கற்பாலன 900. இவை அனைத்தும் கையால் ஆகவேண்டியன. எனவே மிகுதியான வேலையின் காலம் கருவியால் அளக்கப்படுவதன்று. களைவோர் கையால் அளக்கப்படுவது.

ஆதலின் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று.

முதலாவது, பெயர்களை எழுத்து மூலமாகப் பெற்று, ஒருவர் எழுத்துக்கூட்டி வாசிக்க மற்றொருவர் ஒப்பு நோக்கி, வேலை கொடுத்தவரின் கையொப்பமும் பெறுக. கையால் எழுதுவோன் பிழை ஒரு பலகையோடு ஒழியும். கருவியின் பிழையோ முந்நூறாகப் பெருகும். 1991-இல் வெளிவந்த யூனிகோடு முறையில் தமிழ் இடம்பெற்றதாயினும், பழைய எழுத்துருக்களைக் கையாளும் கடைகள் இன்னும் உள. ஒன்றினின்று மற்றொன்றுக்கு மாற்றுங்கால் கொம்பும் காலும் இடம்பெயர்தல் உண்டு.

இரண்டாவது, எழுத்துக்களை வடிவக்கோடுகளாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று படியும் உறுப்புக்களை ஒன்றாக இணைத்துவிடுக. மி என்பதில் மகரம் ஒரு வடிவாகவும் விசிறி மற்றொரு வடிவாகவும் நின்று, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் எழுத்துருக்கள் பல. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் கத்தி இரண்டின் எல்லையையும் தனித்தனியே அறுக்கும். இணையாது விட்ட எழுத்து இடையிலே பிளந்துபோம்.

மூன்றாவது, எட்டுப் பெயர்களுக்கு ஒரு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு கட்டத்தால் வளைத்து வெட்டுக. நெடுந்தாளை ஒரே ஓட்டத்தில் வெட்டின் அது சிறிது சிறிதாகச் சாய்ந்து முடிவிற் கோணும். வேண்டிய நீளத்தை முன்னரே சுருளினின்று தளர்த்தி விடுதலும் வேண்டும்.

நான்காவது, ஒரு பெயரை வெட்டி, களைந்து, பலகையில் ஒட்டி முடித்துப் பார்த்தபின்னரே ஏனையவற்றைத் தொடங்குக. வெட்டியவற்றை நெடுநாள் வைத்திராமல் விரைவிற் களைக. அறுத்த இடத்திற் பசை மீண்டும் ஒன்றுகூடிக் களைதலை அரிதாக்கும்.

4. புள்ளியின் நிலை

இனித் தமிழுக்குரிய இடரை நோக்குவோம். ஆங்கில எழுத்துக்களிற் புள்ளியுடையன மிகச் சில. தமிழிலோ மெய்யெழுத்துப் பதினெட்டும் புள்ளி பெறுவன. மெய் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் நூன்மரபிற் கூறிய விதி. ஆயினும் ஓலையில் எழுதினோர் பெரும்பாலும் புள்ளியிடாது விட்டனர். எழுத்தாணியால் அழுந்தப் புள்ளியிடின் ஓலை துளைபடும் என்று அதற்குக் காரணம் கூறுவர். அதனால் ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த புலவர்கள் மெய்யோ உயிர்மெய்யோ என்று ஐயுற்றுப் பட்ட இடர் பெரிது. அச்சு வந்தபின் அவ்விடர் நீங்கிற்று. ஈய எழுத்தில் மெய்யும் புள்ளியும் ஒரே உடம்பின்மேல் நிற்றலின் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதில்லை.

வினைலிலோ புள்ளி மீண்டும் தனித்து நிற்கின்றது. எழுத்தோடு அதனைப் பிணைப்பது யாதுமில்லை. தன் சிறு பரப்பிலுள்ள பசையே அதற்குத் துணை. 5 சென்டிமீட்டர் எழுத்தின் புள்ளி 6 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது எனின், எழுத்தை 1 சென்டிமீட்டராகக் குறைத்தால் புள்ளி 1.2 மில்லிமீட்டர் ஆகும். குறுக்களவு ஐந்தில் ஒன்றாகப் பரப்போ இருபத்தைந்தில் ஒன்றாகிவிடும். பற்றும் அவ்வாறே குறையும். அன்றியும் அத்துணைச் சிறு வட்டத்திற் கத்தி திரும்ப இடமின்றி வட்டம் முற்றும் மூடாது நிற்றலும் உண்டு. களைபவர் தாளை விரைந்து இழுப்பின் புள்ளி களையோடு போம். ஒட்டுமாற்றுத் தாளை எடுக்குங்கால் அடித்தாளிலே தங்கினும் தங்கும். பலகையினின்று அத்தாளை நீக்குங்கால் அதனோடு திரும்பினும் திரும்பும். இங்ஙனம் புள்ளி இழக்கப்படும் இடம் மூன்று.

இழப்பின் பயன் யாது? பல் மருத்துவமனை என்பது பல மருத்துவமனை ஆகும், நோயாளி மயங்குவான். கல்வி நிலையம் என்னும் பலகையில் முதற்புள்ளி வீழ்ந்தால் வரும் சொல் கல்லூரி மலரில் எழுதத்தக்கதன்று. அகராதி வல்லார் தாமே உணர்க. ஒரு பள்ளியின் வாயிலில் அப்பலகை நின்றால் நகையாடப்படுவது பள்ளியும் அதிற் பயிலும் பிள்ளைகளுமே.

காக்கும் வழிகளும் உள. புள்ளி பருத்து அமைந்த எழுத்துருவைத் தெரிந்துகொள்க. களையும் தாளை மேல்நோக்கி இழாது, தன்மேலே மடிந்து செல்லுமாறு தாழ்த்தி மெல்ல இழுக்க. ஒட்டுமாற்றுத் தாளைப் பதித்தபின் எழுத்தைக் குப்புறக் கவிழ்த்து, மேலே வரும் அடித்தாளையே உரித்தெடுக்க. புள்ளி ஒட்டுமாற்றுத் தாளில் நிலைபெறும். ஒவ்வொரு பகுதியின் ஓரத்திலும் அதே அளவில் மிகைப்புள்ளிகள் சில வெட்டிவைக்க. ஒட்டுமிடத்தில் ஒன்று தவறின் உடனே இடலாம். பலகையைத் தூய்மை செய்து ஈரம் புலர்ந்தபின் ஒட்டுக. இறுதியாக ஒவ்வொரு பலகையிலும் புள்ளிகளை எண்ணிப் பார்க்க. சொல்லை முழுதாக நோக்கும் கண் இல்லாத புள்ளியையும் இருப்பதாகக் கொள்ளும். எண்ணும் கண் அவ்வாறு ஏமாறாது.

5. முடிவுரை

கருவி வந்தபின் எழுத்தறிவு வேண்டா என்று எண்ணுதல் பொருந்தாது. கருவி தனக்கிட்ட கோட்டை அறுக்குமேயன்றிச் சொல்லை அறியாது. போகற்பாலதும் நிற்கற்பாலதும் அறிந்து பிரிப்பது மொழியறிந்த மனிதனின் கடனே. மத்தேயு எழுதிய சுவிசேஷத்து 5-ஆம் அதிகாரத்தில், வேதப்பிரமாணத்தின் மிகச் சிறிய எழுத்துறுப்பும் வீணே ஒழியாது என்று கிறிஸ்து பெருமான் அருளினார். அவ்வருள்மொழியின் பொருள் பெரிது. அதனை ஒரு பலகைக்கு ஒடுக்குதல் நம் கருத்தன்று. எனினும் சிறியதைச் சிறிதென்று இகழாமை எத்தொழிலுக்கும் பொதுவாகிய அறம். தமிழ் பயிலும் நாம் தெருவிற் செல்லுங்கால் புள்ளியிழந்த பலகையைக் கண்டு நகைத்துப் போதல் எளிது. கடைக்காரரிடம் இன்சொல்லால் அறிவித்து அப்புள்ளியை இடுவித்தலோ தமிழுக்குச் செய்யும் தொண்டாகும். அத்தொண்டுக்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை. பார்க்கும் கண்ணும், சொல்லும் அன்பும் போதும்.