‘பினாங்கு’: 4 எழுத்தா, 24 எழுத்தா?

மாணவர்களே, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நடந்தால் கடைதோறும் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் பார்க்கலாம். பலகையில் ஓர் எழுத்து எழுத 10 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ‘பினாங்கு’ என்று எழுத எவ்வளவு ஆகும்? பி, னா, ங், கு என 4 எழுத்துகள்; எனவே 40 ரிங்கிட்.

இதையே பைத்தான் நிரல்மொழியிடம் கேட்போம். சொல்லின் நீளத்தைச் சொல்ல அதில் ‘லென்’ என்ற கட்டளை உண்டு. பைத்தான் 3 தரும் விடை 8. ப, இகரக் குறி, ன, கால், ங, புள்ளி, க, உகரக் குறி ஆகிய ஒவ்வொன்றுக்கும் யூனிகோடில் தனி எண் இருப்பதால் தனித்தனியே எண்ணுகிறது. பைத்தான் 2 தரும் விடையோ 24! யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவை. பைத்தான் 2 அந்த பைட்டுகளையே எண்ணுகிறது: 8 × 3 = 24. நாற்பது ரிங்கிட் பலகைக்கு 240 ரிங்கிட் கேட்டால் யார் கொடுப்பார்?

ஆகவே, குறிகளையும் புள்ளியையும் முன்னுள்ள எழுத்தோடு சேர்த்து எண்ணும் நிரல் வேண்டும். ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் திறமூலத் தொகுப்பில் அத்தகைய வசதி உண்டு.

சோதனை நிரல் எதற்கு?

நிரல் சரியா என்று பார்க்க இன்னொரு சிறு நிரல் எழுதுவார்கள். அதுவே சோதனை நிரல். ‘பினாங்கு என்று கொடுத்தால் 4 வர வேண்டும்’ என்பது ஒரு சோதனை. கடையில் பழைய கணினியும் புதிய கணினியும் இருந்தால், அந்தச் சோதனை இரண்டிலும் ஓட வேண்டும். அதற்கு நான்கு வழிகள்:

1. எல்லாப் பதிப்பும் அறிந்த சொல்லையே பயன்படுத்துங்கள். விடைகளை ஒப்பிடும் ‘அசர்ட்ஈக்குவல்’ பழையதிலும் புதியதிலும் உண்டு. அதன் மாற்றுப்பெயரான ‘அசர்ட்ஈக்குவல்ஸ்’ 2023இல் வந்த பைத்தான் 3.12இல் நீக்கப்பட்டது.

2. தமிழ்ச் சொல்லின் மேற்கோள்குறிக்கு முன் ‘யூ’ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தை இடுங்கள். அப்போது பைத்தான் 2உம் பைட்டை விட்டு யூனிகோடு குறிகளைப் பார்க்கும். பைத்தான் 3.0 முதல் 3.2 வரை இதை ஏற்கவில்லை. பழைய நிரல்களுக்கு உதவ, 2012இல் வெளியான 3.3 இதை மீண்டும் ஏற்றது.

3. ஒரு பதிப்பில் இல்லாத வசதியைச் சோதிக்கிறீர்களா? அந்தப் பதிப்பில் மட்டும் அச்சோதனையைத் தாண்டிச் செல்லச் சொல்லுங்கள், அழித்துவிடாதீர்கள்.

4. ஒவ்வொரு பதிப்பிலும் உண்மையாகவே ஓட்டிப் பாருங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். பழைய பைத்தானில் சோதனை தோற்றால், எதிர்பார்க்கும் விடையை 4இலிருந்து 24ஆக மாற்றி ‘வெற்றி’ காட்டக்கூடாது. தேர்வில் விடைத்தாளுக்கு ஏற்ப விடைக்குறிப்பைத் திருத்துவது போன்றது அது. சோதனையை எழுதும் விதம் மாறலாம். சரியான விடை மாறாது.

பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் நாள் முடிந்தது. பழைய பதிப்பை எவரும் பயன்படுத்தவில்லை என்று உறுதியானால், அதற்கான ஏற்பாடுகளை நீக்கிவிடலாம். அதுவரை அவை இருக்கட்டும்.

செய்து பாருங்கள்: உங்கள் பெயரில் எத்தனை எழுத்துகள், எத்தனை யூனிகோடு குறிகள், எத்தனை பைட்டுகள்? முதலில் தாளில் எண்ணுங்கள். பிறகு கணினியிடம் கேளுங்கள்.