‘டேக் ஆஃப்’: பொருளைக் காட்டும் பக்கத்துச் சொல்

‘டேக் ஆஃப்’ என்றால் ‘கழற்று’ என்று ஏழாம் வகுப்பில் எழுதிப் போட்டிருந்தேன். மறுவாரம் ‘தி பிளேன் டுக் ஆஃப் அட் சிக்ஸ்’ என்பதைத் தமிழில் சொல்லச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, “விமானம் ஆறு மணிக்குக் கழன்றது” என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதன்பின் பல நாள்கள் அவள் என் வகுப்பில் கை தூக்கவே இல்லை. யோசித்துப் பார்த்தேன். நான் கொடுத்த பொருளைத்தான் அவள் அப்படியே பயன்படுத்தியிருந்தாள். பிழை என்னுடையது.

மறுபடி அந்தப் பாடத்தை எடுத்தபோது ஆங்கிலத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, ‘அடி’ என்ற தமிழ்ச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். இதை எங்கெல்லாம் சொல்கிறோம் என்று கேட்டேன். மணி அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், மொட்டை அடிக்கிறார்கள், காப்பி அடிக்கிறார்கள் எனப் பட்டியல் நீண்டது. இவற்றை யாரும் மனப்பாடம் செய்ததில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லே பொருளைக் காட்டிக்கொடுக்கிறது. ‘டேக் ஆஃப்’பும் அப்படித்தான் என்று சொல்லி ஐந்து வாக்கியங்களை எழுதினேன்.

1. டேக் ஆஃப் யுவர் ஷூஸ் – காலணிகளைக் கழற்று.
2. தி பிளேன் டுக் ஆஃப் – விமானம் மேலெழும்பியது.
3. ஷி டுக் எ டே ஆஃப் – அவர் ஒரு நாள் விடுப்பு எடுத்தார்.
4. ஹி டுக் டென் ருபீஸ் ஆஃப் தி பிரைஸ் – அவர் விலையில் பத்து ரூபாய் குறைத்தார்.
5. ஹர் பிசினஸ் டுக் ஆஃப் – அவருடைய தொழில் சூடுபிடித்தது.

இவற்றுக்குப் பொதுவானது எது என்று கேட்டேன். ‘ஆஃப்’ வரும் இடமெல்லாம் ஒன்று மற்றொன்றிலிருந்து விலகுகிறது என்பதை மாணவர்களே கண்டுபிடித்தார்கள். காலிலிருந்து காலணி, தரையிலிருந்து விமானம், வேலையிலிருந்து ஒரு நாள், விலையிலிருந்து பத்து ரூபாய். ஐந்தாவது வாக்கியத்தில் தொழிலே விமானம்போல மேலெழும்புகிறது.

அடுத்து, வினையை நோக்கி ‘எதை?’ என்று கேட்கப் பழக்கினேன். முதல், மூன்றாம், நான்காம் வாக்கியங்களில் விடை உண்டு. இரண்டிலும் ஐந்திலும் செயப்படுபொருள் இல்லை. விமானத்தை யாரும் கழற்றவில்லை என்பது இந்த ஒரு கேள்வியிலேயே தெளிந்துவிடும். ‘கழற்று’ என்ற பொருளில் வரும்போது இன்னொரு விதியையும் சேர்த்துச் சொல்லலாம். ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’, ‘டேக் யுவர் ஷூஸ் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் காலணிகளுக்குப் பதிலாக ‘தெம்’ வந்தால் ‘டேக் தெம் ஆஃப்’ என்று நடுவில்தான் வரவேண்டும்.

பாடவேளை முடியும் நேரத்தில் அந்த மாணவியின் கை மெல்ல உயர்ந்தது. “டீச்சர், கொக்கு வயலிலிருந்து பறந்தாலும் ‘டேக் ஆஃப்’தானா?” என்றாள். ஆம், பறவைக்கும் அதே சொல்தான். அந்த உதாரணத்தை ஆறாவது வாக்கியமாகக் கரும்பலகையில் அவளையே எழுதச் சொன்னேன்.

இப்போதெல்லாம் எந்த ஃபிரேசல் வெர்ப்புக்கும் ஒற்றைப் பொருளை எழுதிப் போடுவதில்லை. குறைந்தது மூன்று வாக்கியங்களைக் கொடுத்துவிட்டு, பொருளை மாணவர்களையே சொல்லவைக்கிறேன்.