தண்ணீரைச் சோதிக்கும் கத்தரி



“போர் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, குடிச்சா என்ன?” கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. தண்ணீரில் கரைந்த ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. பல்லில் கறை ஏறி, எலும்பு வளைந்த பிறகுதான் தெரியவரும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சகோதரிகளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் சோதனை வேணும்னு சொல்றோம். அந்தச் சோதனையில் வந்திருக்கும் ஒரு புது வழியை இந்த மாதம் பார்ப்போம்.

நம் உடம்பின் செல்களில் ஆர்.என்.ஏ. என்ற நூல் போன்ற பொருள் இருக்கிறது. டி.என்.ஏ.வின் செய்தியைக் கொண்டுபோகும் தபால்காரர் வேலைதான் அதற்கு முக்கியம் என்று முன்பு நினைத்தார்கள். சில ஆர்.என்.ஏ. கத்தரி போல வெட்டவும் செய்யும் என்று தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் என்ற இருவர் கண்டுபிடித்து, 1989-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். இந்தக் கத்தரிக்கு ரைபோசைம் என்று பெயர்.

கத்தரி எப்படிச் சோதனை செய்யும்? அதன் கைப்பிடியில் ஒரு பூட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாம் தேடும் பொருள்தான் சாவி. அது வந்து உட்கார்ந்தால் பூட்டு திறக்கும், கத்தரி வெட்டும். வெட்டுப்பட்ட துண்டு ஒளிரும்படி முன்னாடியே செய்து வைத்தால், ஒளி வந்தால் பொருள் இருக்குன்னு அர்த்தம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்டு பிரேக்கர் குழுவினர் 1997 முதல் இப்படிப்பட்ட கத்தரிகளைச் செய்து காட்டினார்கள். சரியான பூட்டு எப்படிக் கிடைக்கிறது? கோடிக்கணக்கான ஆர்.என்.ஏ. துண்டுகளை எடுத்து, நாம் முறத்தில் புடைப்பது போலத் திரும்பத் திரும்பப் புடைத்து, அந்தப் பொருளைப் பிடிக்கும் துண்டை மட்டும் நிறுத்துகிறார்கள். பொறுமையான வேலைங்க!

ஒரு சிக்கல் உண்டு. ஆர்.என்.ஏ. சீக்கிரம் கெட்டுப்போகும், நம் கைத் தோலில் உள்ள நொதி பட்டாலே சிதைந்துவிடும். அதனால் இன்னும் உறுதியான டி.என்.ஏ.விலேயே கத்தரி செய்தவர்களும் உண்டு. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000-இல் அப்படிச் செய்தது காரீயத்தைக் கண்டுபிடித்தது.

ஃபுளோரைடுக்கு? அதற்கு வந்தது வெட்டும் கத்தரி இல்லை, அதன் தங்கச்சி மாதிரி ஒரு ஆர்.என்.ஏ. சுவிட்ச். உலர்த்திய பொடியாகக் கொண்டுபோய், தண்ணீர் விட்டுச் சோதிக்கலாம். கோஸ்டாரிகா நாட்டில் சோதித்த ஆய்வு 2020-இல் வெளியானது. அது லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை கண்டுபிடித்தது. நம் நாட்டில் வேறு தண்ணீரே இல்லாத இடத்துக்கும் உச்ச வரம்பு 1.5 தான். ஆக, நமக்கு இன்னும் கூர்மையானது வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு பூட்டு ஒரு பொருளுக்குத்தான். ஃபுளோரைடு சோதனையில் தேறிய தண்ணீரில் கிருமி இருக்கலாம். “ஒரே சொட்டில் எல்லாம் தெரியும்” என்று யாராவது விற்க வந்தால், எந்தப் பொருள், எந்த அளவு என்று கேளுங்கள்.

குழுவில் பேச: ஜல் ஜீவன் இயக்கத்தில் களச் சோதனைப் பெட்டிப் பயிற்சி எடுத்த பெண்கள் நம் ஊரில் யார்? நம் குடிநீரில் ஃபுளோரைடு அளவு கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது?