மூன்று பதில் போதுமா? - கம்ப்யூட்டர் விளையாட்டில் பேச்சும் சுதந்திரமும்



ஆண்டு மலருக்கு "ஏதாவது பயனுள்ள பாடக் கட்டுரை" கொடு என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். லேத் பற்றியும் டிரான்ஸ்ஃபார்மர் பற்றியும் எழுத நம்மிடையே கெட்டிக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் எழுதப் போவது வீடியோ கேம் பற்றி. சிரிக்காதீர்கள்! இறுதியாண்டு புராஜெக்டுக்காக நானும் என் ராசிபுரம் நண்பனும் நான்கு மாதம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட விஷயம் இது.

முதலில் பாடம். திறந்த உலக விளையாட்டு என்றால், கதை ஒரு தண்டவாளத்தில் ஓடாது. ஒரு பெரிய நிலப்பரப்பை நம் முன்னால் விரித்து "எங்கே வேண்டுமானாலும் போ" என்று விட்டுவிடுவார்கள். அதிலேயே பாத்திரமேற்கும் விளையாட்டு, அதாவது ஆர்.பி.ஜி. என்றால், நாம் ஒரு ஆளாகவே மாறி அந்த உலகத்து மனிதர்களோடு பேச வேண்டும். மலை ஏறுவதும் கத்தி சுற்றுவதும் புரோகிராம் எழுதுகிறவனுக்கு அவ்வளவு கஷ்டமில்லை. கஷ்டமே இந்தப் பேச்சில்தான் இருக்கிறது. எந்தத் திசையில் நடந்தாலும் காலடியில் தரையைப் போட்டுக் கொடுத்துவிடலாம். எந்த வார்த்தை பேசினாலும் அதற்கு ஒரு பதில் எழுதி வைக்க முடியுமா?

1985-ல் வந்த 'அல்டிமா 4' விளையாட்டில் நாமே சொல்லை டைப் செய்ய வேண்டும். 'பெயர்', 'தொழில்' என்று அடித்தால் எதிராளி பதில் சொல்வான். தெரியாத சொல்லை அடித்தால் கையை விரித்துவிடுவான். 2002-ல் வந்த 'மாரோவிண்ட்' அந்தச் சொற்களையே பட்டியலாகத் திரையில் போட்டுவிட்டது. கிளிக் செய்தால் போதும். ஆனால் பத்து பேரிடம் ஒரே விஷயத்தைக் கேட்டால் பல நேரம் ஒரே பதில்தான் வரும். கலைக்களஞ்சியத்தோடு பேசுகிற மாதிரி!

1997-ல் வந்த 'ஃபால்அவுட்' வேறு வழியில் போனது. அதில் முழு வாக்கியங்களாகப் பதில்கள் இருக்கும். நம் பாத்திரத்துக்கு அறிவு குறைவு என்று வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கினால், வாயில் வருவதெல்லாம் உளறலாகவே வரும். இதே தொடரில் 2010-ல் வந்த 'நியூ வேகாஸ்' என்னை ரொம்பவே கவர்ந்தது. நமக்குத் தகுதி இல்லாத பதிலைக்கூட அது திரையில் காட்டும். துணிந்து அழுத்தினால் நம் ஆள் தடுமாறி எதையோ சொல்வான், காரியம் கெடும். ஆக, தோற்பதற்கும் உரிமை உண்டு.

2015-ல் வந்த 'ஃபால்அவுட் 4'-ல் கதாநாயகனுக்குக் குரல் கொடுத்தார்கள். எல்லாப் பேச்சுக்கும் நான்கே பதில், அதுவும் ஓரிரு சொல் சுருக்கமாக. சுருக்கத்தை நம்பி அழுத்தினால் அவன் வேறு ஏதோ முழு வாக்கியம் பேசுவான். 'நான் இதைச் சொல்லவே இல்லையே' என்று ஆட்டக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அதே கம்பெனி 2023-ல் 'ஸ்டார்ஃபீல்ட்' கொண்டுவந்தபோது நாயகனின் குரலை எடுத்துவிட்டு, பழையபடி முழு வாக்கியத்துக்கே திரும்பிவிட்டது.

சரி, ஏன் நான்கோடு நிறுத்துகிறார்கள்? சோம்பேறித்தனமா? பேனாவை எடுங்கள், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு ஆளோடு 8 சுற்று உரையாடல், சுற்றுக்கு 3 பதில் என்று வைப்போம். ஒவ்வொரு பதிலும் தனிக் கிளையாகப் பிரிந்தால் கடைசிச் சுற்றில் 3-ன் அடுக்கு 8, அதாவது 6,561 முனைகள். நடுவில் உள்ளதையும் சேர்த்தால் 9,841 இடங்களில் எதிராளிக்கு வசனம் எழுத வேண்டும். வசனத்துக்குப் பத்துச் சொல் என்றாலும் ஏறத்தாழ ஒரு லட்சம் சொல் ஆகிறது. அதுவும் ஒரு பெட்டிக்கடைக்காரருக்கு மட்டும்!

அதனால் கிளைகளை மறுபடி ஒன்று சேர்க்கிறார்கள். மூன்று பதிலுக்கும் மூன்று உடனடி மறுமொழி, பிறகு மூன்றும் ஒரே கேள்வியில் வந்து முடியும். 8 சுற்றுக்கு 24 மறுமொழி, 8 பொதுக் கேள்வி, மொத்தம் 32 வசனம். 9,841 எங்கே, 32 எங்கே? ஆனால் ஆட்டக்காரன் மடையன் இல்லை. எதைச் சொன்னாலும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறோம் என்பதை இரண்டாம் முறை ஆடும்போது கண்டுபிடித்துவிடுவான்.

இங்கேதான் கொடி என்கிற உபாயம். "இவன் நேற்று பொய் சொன்னான்" என்று ஒரு மாறியில் 1 என்று குறித்து வைத்துவிட்டால், பேச்சு ஒரே இடத்தில் சேர்ந்தாலும் உலகம் அதை மறக்காது. ஆறே ஆறு கொடி வைத்தால் 64 வெவ்வேறு நிலைகள் கிடைக்கும். 2015-ல் வந்த 'விட்சர் 3' இதில் மன்னன். ஒரு மரத்தடி ஆவியை விடுவிப்பதா கொல்வதா என்று ஓரிடத்தில் முடிவெடுக்கிறோம். அதன் விளைவு நெடுநேரம் கழித்து, வேறொரு குடும்பத்தின் தலையில் விழுகிறது. பழைய சேவ் ஃபைலுக்குத் திரும்பலாம் என்றாலும் மனசு வராது. அவ்வளவு தூரம் வந்திருப்போம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எதையும் செய்யலாம் என்றால் கதைக்கு வேண்டிய ஆளையே ஆட்டக்காரன் கொன்றுவிட்டால்? மாரோவிண்டில் கொல்லலாம். 'விதியின் இழை அறுந்தது' என்கிற பாணியில் ஒரு செய்தி வரும், அதன் பிறகு உன் பாடு. 2011-ல் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டில் முக்கியமான ஆட்கள் சாகவே மாட்டார்கள். அடித்தால் மண்டியிட்டு, கொஞ்ச நேரத்தில் எழுந்து நிற்பார்கள். நியூ வேகாஸில் யாரை வேண்டுமானாலும் பகைத்துக்கொள்ளலாம். ஆனால் 'யெஸ் மேன்' என்று ஒரு ரோபோ மட்டும் எத்தனை முறை நொறுக்கினாலும் வேறு உடம்பில் வந்து "சொல்லுங்க, செய்யலாம்" என்று சிரிக்கும். எல்லாக் கதவும் சாத்தின பிறகும் ஒரு கதவு திறந்திருக்க வேண்டுமே, அதற்காக.

நம்ம ஆட்கள் செய்ததில் 'வெண்பா' பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 2024-ல் பாஃப்டா விழாவில் சிறந்த அறிமுக விளையாட்டு விருதும் வாங்கியது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் என்ற தமிழ்த் தம்பதியின் கதை. 1988-ல் தொடங்குகிறது. அம்மா கொடுத்த சமையல் குறிப்பு கிழிந்தும் அழிந்தும் போயிருக்க, இட்லி எப்படி அவிப்பது என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். இது திறந்த உலகம் இல்லை, ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பேச்சில் பதில்கள் வருகின்றன, ஆனால் எதைச் சொன்னாலும் மகன் கவின் தமிழை விட்டு விலகத்தான் செய்கிறான். "இதில் சுதந்திரம் எங்கேடா?" என்றான் நண்பன். எனக்கு அது குறையாகப் படவில்லை. வாடகை, வேலை, பிள்ளை என்று மாட்டிக்கொண்ட ஒருத்திக்கு அவ்வளவு பதில்தான் இருந்திருக்கும்.

இப்போது எங்கள் புராஜெக்ட். என் ஊர் கொல்லிமலையில் அரியூர் நாடு. நாடு என்றதும் ராஜாங்கம் என்று நினைத்துவிடாதீர்கள், சிற்றூர்கள் சில சேர்ந்த தொகுதிக்கு எங்கள் மலையில் நாடு என்று பெயர். காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரவேண்டும். (எங்கள் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கேட்கிறவர்கள் எல்லாம் இயற்கையை ரசிக்கிறவர்கள் அல்ல!) சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றியிருப்போம். அதைத்தான் விளையாட்டாக்கினோம். ஆட்டக்காரர் ஒரு மிளகு விவசாயி. வீடு, சோளக்காடு சந்தை, செம்மேடு, நாமக்கல் மண்டி என நான்கு இடம். எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரிடமும் விலை பேசலாம். 'ட்வைன்' என்ற இலவச மென்பொருளில் செய்தோம். பிரௌசரில் ஓடும், தமிழ் எழுத்தும் தகராறு செய்யாது. ஆர்வமுள்ள ஜூனியர்கள் தாராளமாகத் தொடங்கலாம்.

வியாபாரி வீட்டுக்கு வந்து ஒரு விலை சொல்வார். மூன்று பதில்: 'சரி', 'கூடக் கொடுங்கள்', 'கொடுக்க மாட்டேன்'. மூன்றாவதை அழுத்தினால் மூட்டையோடு மண்டிக்குப் போய் நல்ல விலைக்கு விற்கலாம். பிரமாதம் என்று நினைத்தோம்.

லீவில் ஊருக்குப் போனபோது லேப்டாப்பை ஆயா முன்னால் வைத்தேன். ஆயாவுக்கு எழுத்து வராது. நான் படித்துச் சொல்ல, அது விரலால் காட்டும்.

வியாபாரி விலை சொன்னார். ஆயா எதையும் காட்டவில்லை.

"ஏன் ஆயா, சொல்லு."

"ஏஞ் சொல்லணும்? அவன் வெல சொன்னதும் பேசப்படாது கண்ணு. வெத்தலைய மடிக்கணும். அவனே ஏத்துவான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! பேசாமல் இருப்பதை ஒரு பதிலாக நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை. (2012-ல் வந்த 'தி வாக்கிங் டெட்' விளையாட்டில் மௌனமும் ஒரு தேர்வு. அதை ஆடியிருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.) அன்று இரவே 'வெற்றிலை மடி' என்று நான்காவது பொத்தான் சேர்த்தேன். இரண்டு முறை அழுத்தினால் விலை ஏறும், மூன்றாம் முறை வியாபாரி எழுந்து போய்விடுவார்.

மறுநாள் மூன்றாவது பதிலை அழுத்தி, மூட்டையோடு நாமக்கல் மண்டிக்குப் போகிற காட்சியைக் காட்டினேன். ஆயா சிரித்தது.

"கொடுக்க மாட்டேன்னு சொல்லிட்டா, வாங்கின பணத்த யாரு குடுக்கறது?"

"எந்தப் பணம்?"

"உன்னைய காலேசுல சேத்தப்ப உங்கப்பன் வாங்கினானே. கொடியில காயா இருக்கயிலேயே பேசி முடிச்சாச்சு. அந்த வருசம் பூராவும் அவன் சொன்னதுதான் வெல."

எனக்கு அது தெரியாது. மூன்று வருஷமாகத் தெரியாது. அப்பா என்னிடம் சொன்னதெல்லாம் "பீஸ் கட்டியாச்சு, படி" என்பதுதான்.

திரும்பி வந்து நண்பனிடம் சொன்னேன். 'முன்பணம்' என்று ஒரு கொடி சேர்ப்பது என்று முடிவாயிற்று. எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் ஒரு வாரம் சண்டை. கொடி 1 என்றால் மூன்றாவது பதிலையே மறைத்துவிடலாம் என்றேன் நான். "மறைச்சா அப்படி ஒரு வழி இருக்குன்னே தெரியாதுல்ல, அப்புறம் அவனுக்கு என்ன வருத்தம்?" என்றான். சாம்பல் நிறத்தில் காட்டி, அழுத்த முடியாமல் செய்யலாம் என்றேன். அதுவும் பொய் என்றான். "உங்கப்பா வாயை யாரும் கட்டலடா. அவரால சொல்ல முடியும். சொன்னா என்ன ஆகும்னு அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்."

அவன் சொன்னதுதான் சரி. பதிலை அப்படியே விட்டோம். முன்பணம் வாங்கியவர் 'கொடுக்க மாட்டேன்' என்றால் வியாபாரி கோபப்பட மாட்டார், சண்டை போட மாட்டார், "சரிங்க" என்று போய்விடுவார். ஆட்டக்காரர் மண்டியில் நல்ல விலைக்கு விற்று மகிழ்ச்சியாக இருப்பார். விளையாட்டுக் கணக்கில் ஜூன் மாதம் வரும்போது பிள்ளைக்கு அடுத்த வருஷ பீஸ் கட்ட வேண்டும், யாரும் முன்பணம் தர மாட்டார்கள். வியாபாரியை வில்லனாக்கவில்லை. நிஜத்திலும் அவர் வில்லன் இல்லை. வேறு யாரும் கொடுக்காதபோது கொடுத்தவர் அவர்தான்.

வெளித் தேர்வாளர் வந்தபோது வெற்றிலை பொத்தானை மூன்று முறை அழுத்தி வியாபாரியைத் துரத்திவிட்டு, "என்னப்பா இது, போயிட்டாரு!" என்று சிரித்தார். மதிப்பெண் நன்றாகவே வந்தது. கொடிகளின் அட்டவணையை ரெக்கார்டில் சரியாக வரையவில்லை என்று கொஞ்சம் குறைத்தார்கள். ஜூனியர்களே, அட்டவணையை முதலிலேயே வரைந்துவிடுங்கள். பிறகு வரையலாம் என்றால் எந்தக் கொடி எங்கே ஏறுகிறது என்று நமக்கே புரியாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவை உட்கார வைத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியும். தொடக்கத் திரையில் நாங்கள் ஒரு கேள்வி வைத்திருக்கிறோம்: 'இந்த ஆண்டு முன்பணம் வாங்கினீர்களா?' அப்பா ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு 'இல்லை' என்பதை அழுத்தினார். நான் எதுவும் கேட்கவில்லை.

வியாபாரி வந்தார், விலை சொன்னார். அப்பா வெற்றிலை மடித்தார். பிறகு மூட்டையை எடுத்துக்கொண்டு சோளக்காடு போனார், விலை கேட்டார், விற்கவில்லை. செம்மேடு போனார். நாமக்கல் இறங்கி, நாங்கள் எழுதி வைத்திருந்த மண்டிக்காரர் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் பேசினார். திரும்ப மலையேறி வீட்டுக்கு வந்து அதே வியாபாரியிடம் மறுபடி விலை கேட்டார். "சாப்பிட வாங்க" என்று அம்மா இரண்டு முறை கூப்பிட்டாள்.

ராத்திரி பத்து மணிக்கு பேட்டரி தீர்ந்து திரை அணைந்தது. அப்போதும் அவர் மிளகை விற்றிருக்கவில்லை.

- மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் பிரிவு மாணவன்