'அண்ட்' மட்டும் போதுமா?
ஆங்கிலக் கடிதத்தில் இணைப்புச் சொற்கள்



கல்வி உதவித்தொகை கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களை முதலில் படிப்பவன் நான். தமிழிலோ உருதுவிலோ எழுதினாலும் நாம் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் வெளியூர் அறக்கட்டளைகளும் கல்லூரிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கேட்பதால், பிள்ளைகள் அதே ஆங்கிலக் கடிதத்தின் நகலை நமக்கும் கொடுத்துவிடுகிறார்கள்.

இவ்வாண்டு ஒரு மாணவி எழுதியிருந்த கடிதத்தின் சாரம் இது: என் தந்தை டேனரியில் வேலை செய்தார். அவருக்கு உடல்நலம் இல்லை. அவர் வேலைக்குப் போவதில்லை. நான் தினமும் மாலையில் ஷூ அப்பர் தைக்கிறேன். நான் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தேன். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. என்னால் கட்டணம் கட்ட முடியவில்லை.

ஆங்கிலத்தில் ஒரு பிழை கூட இல்லை. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ஏதாவது இருந்தால் அது 'அண்ட்' மட்டுமே. நம் கமிட்டி உறுப்பினர் ஒருவர் படித்துவிட்டு, "எல்லா வீட்டிலும் இருக்கிற கஷ்டம்தானே, இதில் தனியாக என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நோய் வந்ததால்தான் வருமானம் நின்றது, தையல் வேலைக்கு நடுவிலும் அவள் படித்து மதிப்பெண் வாங்கினாள் என்கிற இரண்டும் அவர் கண்ணில் படவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. கடிதத்தில் அவை எழுதப்படவே இல்லை.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் வருகிறது? தமிழில் 'இருந்ததால்', 'இருந்தாலும்', 'இருந்தால்' என்று இணைப்பு வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தனிச் சொல்லாக அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த வால் உதிர்ந்துபோய் மொட்டை வாக்கியங்கள் நிற்கின்றன. உருது பேசும் வீடுகளில் வேறொரு சிக்கல். 'அகர்சே' என்று தொடங்கினால் நடுவில் 'லேகின்' வரும். 'சூங்கே' என்று தொடங்கினால் 'இஸ்லியே' வரும். ஜோடியாகப் போடுவதுதான் உருதுவில் அழகு. அதே பழக்கத்தில் 'ஆல்தோ' என்று தொடங்கி நடுவில் 'பட்' போடுகிறார்கள், 'பிகாஸ்' என்று தொடங்கி 'ஸோ' போடுகிறார்கள். ஆங்கிலத்தில் ஒன்று போதும். இரண்டும் வந்தால் பிழை.

இணைப்புச் சொல்லைச் சின்ன விஷயம் என்று நம் பெரியவர்கள் நினைத்ததில்லை. மதரஸாவில் நஹ்வு ஓதியவர்களுக்கு அத்ஃபுடைய ஹர்ஃபுகள் பத்தும் நினைவிருக்கும். ஸைதும் அம்ரும் எத்தனை தடவை வந்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை! 'வ' போட்டால் இருவரும் வந்தார்கள், முன்பின் தெரியாது. 'ஃப' போட்டால் ஒருவர் பின்னாலேயே மற்றவர். 'ஸும்ம' போட்டால் சற்று இடைவெளி விட்டு. ஒளுவில் உறுப்புகளை வரிசையாகக் கழுவுவது ஷாஃபிஈ மத்ஹபில் ஃபர்ளு, ஹனஃபி மத்ஹபில் சுன்னத். இமாம்கள் இதை ஆராய்ந்தபோது எடுத்துக்கொண்ட விஷயங்களில் 'வ' என்பது வரிசையைக் குறிக்குமா என்பதும் ஒன்று. ஆங்கில 'அண்ட்' ஏறக்குறைய இந்த 'வ' மாதிரிதான். சேர்த்து வைக்கும், எது காரணம், எது தடை என்று சொல்லாது.

நம் பகுதியின் பிழைப்பையே தொட்ட ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். பாலாற்றங்கரை டேனரிகளின் கழிவுநீர் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். அப்போதைய பேச்சு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தோல் தொழில் அந்நியச் செலாவணி தருகிறது, வேலை தருகிறது, நாட்டுக்கு மிக முக்கியம் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த வாக்கியம் ஆங்கிலத்தில் 'தோ' என்ற சொல்லில் தொடங்குகிறது. அதாவது, 'இவ்வளவு முக்கியமானது என்றாலும்', சுற்றுச்சூழலைக் கெடுக்க அதற்கு உரிமை இல்லை.

'தோ', 'ஆல்தோ' எந்தப் பாதியின் தலையில் உட்காருகிறதோ அந்தப் பாதி ஒதுங்கி நிற்கும். மற்றப் பாதிதான் பேச்சின் முடிவு. அதே இரண்டு செய்திகளை இடம் மாற்றி, 'கழிவுநீர் வருகிறது என்றாலும் இத்தொழில் வேலை தருகிறது' என்று எழுதினால் அது தீர்ப்பாக இருக்காது, முதலாளியின் வாதமாகிவிடும். ஒரு எழுத்துக்கூட பொய்யில்லாமல் பொருள் தலைகீழாகிறது.

அந்த மாணவியை அலுவலகத்துக்கு வரச்சொல்லி, உம்மாவும் கூட இருக்க, இதைத்தான் சொன்னேன். முதல் முயற்சியில், 'நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாலும் தினமும் அப்பர் தைக்கிறேன்' என்று எழுதினாள். அது முறையீடு. 'ஆல்தோ'வை மறுபாதிக்கு மாற்றச் சொன்னேன். 'தினமும் அப்பர் தைத்தாலும் நல்ல மதிப்பெண் எடுத்தேன்' என்று வந்தது. இப்போது இவளுக்குக் கொடுக்கலாம் என்று படிப்பவருக்குத் தோன்றும். தந்தையின் நோயையும் வேலை நின்றதையும் 'பிகாஸ்' போட்டு இணைத்தாள். அடுத்து, 'இடம் கிடைத்தது, ஸோ கட்டணம் கட்ட முடியவில்லை' என்று எழுதினாள். இடம் கிடைத்ததன் விளைவா அது? இல்லை. அங்கே 'பட்'தான் வர வேண்டும் என்று அவளே சொல்லித் திருத்தினாள். ஏழு வாக்கியங்கள் மூன்றாயின.

பத்தாம் வகுப்பில் இரண்டு வாக்கியங்களை இணைத்து எழுதச் சொல்லும் கேள்வியைப் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்துவிடுகிறார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு பயிற்சி கொடுங்கள். நடந்த ஒரு சம்பவத்தை ஐந்து வாக்கியத்தில் எழுதச் சொல்லி, ஒவ்வொரு இடைவெளியிலும் 'இது காரணமா, விளைவா, மாறானதா, அடுத்து நடந்ததா?' என்று தமிழிலேயே கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. பதில் தெளிவானால் சொல் தானாக வரும்: காரணத்துக்கு 'பிகாஸ்', விளைவுக்கு 'ஸோ', மாறானதற்கு 'பட்' அல்லது 'ஆல்தோ', அடுத்து நடந்ததற்கு 'தென்'. 'ஹவெவர்' கொஞ்சம் முரண்டு பிடிக்கும். காற்புள்ளி மட்டும் வைத்து இரண்டு வாக்கியங்களை அதனால் ஒட்ட முடியாது. முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் புது வாக்கியமாகத் தொடங்க வேண்டும். 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்' எல்லாம் சில பிள்ளைகள் கடிதத்தில் பிரியாணியில் ஏலக்காய் மாதிரி தட்டுப்படுகின்றன. ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

அந்த மாணவிக்கு நம் கமிட்டி உதவி வழங்கியது, அல்ஹம்துலில்லாஹ். மீதித் தொகைக்காக அதே கடிதத்தை வெளியூர் அறக்கட்டளை ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. துஆ செய்யுங்கள்.

கல்லூரிக்கோ வேலைக்கோ ஆங்கிலத்தில் மனு எழுதும் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வரலாம். மாணவிகள் பெற்றோரில் ஒருவருடன் வரவும். கையால் எழுதிய முதல் பிரதியையே கொண்டு வாருங்கள், டைப் செய்ய வேண்டாம். அடித்துத் திருத்த இடம் வேண்டும்.