அடுப்பும் கிணறும்

அன்பு மகளே,

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நீ கேட்டது மனத்தை விட்டுப் போகவில்லை. "கேஸ் அடுப்புல புகையே வராதே ஐயா. அதை மரக்காணத்துல தோண்டி எடுத்தா மட்டும் எங்க அக்கா வயித்துப் பிள்ளைக்கு என்ன ஆகும்?" பதில் சொல்வதற்குள் உன் பஸ் வந்துவிட்டது.

முதலில் ஒரு திருத்தம். உங்கள் வீட்டு சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். விறகுப் புகையிலிருந்து நம் பெண்களை கேஸ் காப்பாற்றியது உண்மை, அதை மறுக்கமாட்டேன். ஆனால் 'இயற்கை' என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ இளநீர் போல நினைத்துக்கொள்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாம்பின் விஷமும் இயற்கைதான்! எரிவாயுக் கிணறு தோண்டும்போது டீசல் எஞ்சின் இரவு பகலாக ஓடும். மிஞ்சும் வாயுவைத் திறந்த வெளியில் கொளுத்துவார்கள். மீத்தேனோடு பென்சீனும் கசியும். அடுப்புக்கு வருவதற்குள் அதில் பெரும்பகுதியைப் பிரித்துவிடுகிறார்கள். பிரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள்தான் அதைச் சுவாசிக்கிறார்கள். கர்ப்பிணி வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காற்றை இழுப்பவள் என்பதையும் நினைவில் வை.

தாய்க்குள் போவது எதுவும் பிள்ளையைத் தொடாதபடி நஞ்சுக்கொடி தடுத்துவிடும் என்று படித்தவர்களே நம்பிய காலம் ஒன்று உண்டு. பிரான்சிஸ் கெல்சி என்ற மருந்தியலாளரின் முயல்களைப் பற்றி வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன், இன்னொரு முறை கேள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலேரியா மருந்துகளை ஆராய்ந்தபோது, சினை முயல்களுக்குக் கொயினா கொடுத்துப் பார்த்தார். சாதாரண முயல் அந்த மருந்தை எளிதாகச் சிதைத்துவிட்டது, சினை முயலுக்கு அது கடினமாக இருந்தது, வயிற்றுக் குட்டியால் முடியவே இல்லை. 1960-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் அவர் சேர்ந்த சில வாரங்களில், தாலிடோமைடு என்ற தூக்க மருந்தின் கோப்பு மேசைக்கு வந்தது. நிறுவனம் எத்தனை நெருக்கியும் அவர் அனுமதி தரவில்லை. அதைக் கர்ப்பிணிகள் விழுங்கிய ஐரோப்பாவில் கைகால் குறுகிப் பிறந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில். இதை முதன்முதலில் படித்த இரவு நான் தூங்கவில்லை.

இனி கிணறுகளின் கணக்கு, அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து. 2004 முதல் 2013 வரை அங்கே நடந்த 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்தார்கள். எரிவாயுக் கிணற்றுக்கு 1 கிலோமீட்டருக்குள் இருந்த தாய்மாருக்கு 2,500 கிராமுக்குக் குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடியிருந்தது. 3 கிலோமீட்டருக்கு அப்பால் பாதிப்பு தென்படவில்லை. ஒரே தாயின் பிள்ளைகளையே ஒப்பிட்டும் பார்த்தார்கள், அதனால் 'ஏழைகள், சத்துக் குறைவு' என்று தட்டிக்கழிக்க முடியாது. அங்கேயே நடந்து 2022-ல் வந்த இன்னொரு ஆய்வில், வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் கிணறு இருந்த சிறுவர்களுக்கு ஒருவகை இரத்தப் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. அங்கே நீரழுத்தத்தால் பாறையைப் பிளந்து எடுக்கிறார்கள். இங்கும் அதே எண்கள்தான் வரும் என்று யாராவது மேடையில் முழங்கினால் நம்பாதே. ஆனால் டீசல் புகையும் பென்சீன் ஆபத்தும் இங்கும் உண்டு.

இனி நம் கரை. 2018 அக்டோபரில் எண்ணெய், எரிவாயு தேட வேதாந்தா நிறுவனத்துக்குக் கொடுத்த வட்டாரம் மரக்காணத்தில்தான் தொடங்கியது. இத்தகைய திட்டங்களை எதிர்த்து 2019 ஜூனில் இராமேசுவரம் வரை நீண்ட மனிதச் சங்கிலியும் அங்கிருந்துதான் தொடங்கியது. புதிய எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கும் 2020-ன் வேளாண் மண்டலச் சட்டத்தில், மரக்காணம் இருக்கும் விழுப்புரம் மாவட்டம் இல்லை. அதே ஆண்டு ஜனவரியில், ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று மத்திய அரசு விதியை மாற்றியது. ஆய்வுக் கிணறு யார் வீட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்று மக்கள் கேட்கும் இடமே போய்விட்டது, மகளே!

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போ. அக்காவின் தெருவில் பிள்ளை பிறந்த வீடுகளில் தாய் சேய் அட்டை இருக்கும். பிறந்த தேதி, எடை, எத்தனையாவது வாரம் என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள், பெயர் வேண்டாம். கிணறு வருவதற்கு முன்பே அந்தக் கணக்கு நம் கையில் இருக்கவேண்டும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்